கடல் எழுந்து நின்றபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்

பணி ஓய்வு பெற்ற பத்திரிகைக்காரர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன மாதம் அதில் ஒரு வேண்டுகோள் வந்தது. இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம், ஆளுக்கொரு மறக்க முடியாத பணி அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். அரை மணி நேரத்துக்குள் ஒருவர் இடுப்பளவு வெள்ளத்தில் நின்று செய்தி சேகரித்ததைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிவிட்டார். இன்னொருவர் கண்ணீர்ப்புகையை எடுத்துக்கொண்டார். எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தேன். முப்பத்தோரு வருட வேலையில் இருபத்திரண்டு வருடம் சினிமாப் பக்கம் பார்த்தவன் நான். பணியின்போது நான் சந்தித்த மிகப் பெரிய ஆபத்து தியேட்டர் ஏர்கண்டிஷன்.

இன்றைய விமர்சகர்கள் தியேட்டர் வாசலிலேயே போனைத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமைதான். ஒரு நிமிடத்துக்குள் யாராலும் தூங்கிப்போக முடியாது.

நான் பிழை திருத்துநராகச் சேர்ந்தவன். சோதிடர் ஊருக்குப் போயிருந்த ஆறு மாதம் ராசிபலன் எழுதினேன். அந்த ஆறு மாதமும் என் ராசிக்காரர்கள் மிகவும் நன்றாக இருந்தார்கள். சினிமாப் பக்கம் பார்த்தவர் மகளோடு ஆஸ்திரேலியா போய்விட, பக்கம் என்னிடம் வந்தது. சினிமாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கிள்ளானிலிருந்து வருகிறேன், சுபாங் ஜெயா வழியாகத்தான் ரயிலில் போகிறேன், முன்னோட்டக் காட்சிகள் சுபாங் ஜெயாவில்தான் நடக்கின்றன. தகுதி அவ்வளவுதான்.

வேலைமுறையைச் சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் படம் போடுவார்கள். நோட்டை இடது தொடையில் வைத்து, இடது கட்டை விரலை வரியின் மேல் அழுத்திக்கொள்ள வேண்டும். ஒரு குறிப்பு எழுதியதும் விரலை ஒரு வரி கீழே நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் இருட்டில் வரிமேல் வரி ஏறி, கதாநாயகியும் வில்லனும் ஒரே சொல்லாகிவிடுவார்கள். என் கைக்கடிகாரத்தின் முள் இருட்டில் ஒளிரும். ஒவ்வொரு குறிப்புக்கும் நிமிடம் போடுவேன். படம் முடிந்து கோமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போகும் வழியில் என் கையெழுத்தை நானே படித்துப் புரிந்துகொள்ள முயல்வேன். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு நடை. நான்கு மணிக்குள் நாலு பத்தி கொடுத்துவிட வேண்டும். கதைக்கு இரண்டு, நடிப்புக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. அந்தக் கடைசிப் பத்தியில் "ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து" என்ற வரி எப்போதும் இருக்கும். படம் மாறும், வரி மாறாது.

எழுதியதைச் செய்தி ஆசிரியர் புனிதவதி பார்ப்பார். நாங்கள் மேடம் என்போம். பல வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவர். வரிக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்து, தனக்கு மட்டும் கேட்கிற குரலில் படிப்பார். சந்தேகம் வந்தால் விரல் நிற்கும். தலையைத் தூக்காமல், "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால் விரல் நகரும். அலுவலகம் கூட்டுகிற அம்மாவிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேசைக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து நம் பக்கம் நகர்த்துவார். மேடம் அறையிலிருந்து பிஸ்கட் தின்றுகொண்டே வெளியே வருகிறவரிடம் நாங்கள் யாரும் அன்றைக்குப் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு அந்த விண்வெளிப் படம் வந்தது. பெயர் வேண்டாம், சொன்னால் பழைய கோபக்காரர்கள் திரும்பி வருவார்கள். தூரத்தில் ஒரு கிரகம். அதைச் சுற்றி வளையங்கள். சின்ன வயதில் பிரிந்துபோன அண்ணன் தம்பி, எதிரெதிர் படைகளில் வளர்கிறார்கள். இருவருக்கும் அம்மா பாடிய ஒரு மெட்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது. இதற்குமேல் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாவது நிமிடத்தில் நோட்டில் "கடைசியில் சேர்வார்கள்" என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

ஆனால் படம் அழகு. அதை நான் மறுக்கவே இல்லை. வளையம் உடைந்து பனியாகக் கொட்டிற்று. தலைகீழாகத் தொங்கும் நகரத்தில் மக்கள் விளக்கேற்றினார்கள். நான் ஒழுங்காகக் குறித்துக்கொண்டேதான் வந்தேன். இருக்கை சாய்கிற இருக்கை. காலையில் சாப்பிட்டது நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, அதிலும் இரண்டு பொட்டலம். சளி மருந்தும் குடித்திருந்தேன். பல நாள் அந்த மருந்தின் மேல் பழி போட்டேன். இப்போது சொல்லலாம், இரண்டாவது பொட்டலம்தான் காரணம்.

கண் விழித்தபோது திரையில் இரண்டு பேர் கட்டிப்பிடித்து நின்றார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கின. பக்கத்தில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் எழுந்து தட்டினேன். ரயிலில் நோட்டைத் திறந்தால், கடைசிக் குறிப்பு ஒரு மணி முப்பத்து நான்காவது நிமிடம். அதற்குக் கீழே பேனா ஒரு நீண்ட கோடு இழுத்து, பக்கத்தைத் தாண்டி என் கால்சட்டையில் முடிந்திருந்தது. படம் இரண்டு மணி இருபது நிமிடம்.

முக்கால் மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. ஆனால் கதைதான் தெரியுமே. "கண்ணுக்கு விருந்து, கதைக்குப் பட்டினி" என்று தலைப்புப் போட்டேன். "கடைசிப் பகுதி வழக்கமான சண்டை" என்று எழுதினேன். இரண்டு நட்சத்திரம். மேடத்தின் விரல் அந்த வரியில் நின்றது.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

விரல் நகர்ந்தது.

வியாழக்கிழமை பேப்பர் வந்தது, படமும் வந்தது. மதியம் அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண் என்னைக் கேட்டார். கிள்ளானிலிருந்து மல்லிகா என்றார். என் விமர்சனத்தைப் படித்தாராம். நன்றி சொல்லத் தயாரானேன்.

"சார், படம் ரொம்ப அழகுன்னு எழுதியிருக்கீங்க. அதான் கேக்கலாம்னு. எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணுல நரம்பு போய்க்கிட்டு இருக்கு. இப்ப நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுது, அதுவும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. தியேட்டர்ல ஒரு படம் பாத்துறணும்னு ஆசப்படுறாரு. ஆனா சேந்தாப்புல பத்து நிமிஷத்துக்கு மேல பாத்தா வலி தாங்க மாட்டேங்குது."

"சொல்லுங்கம்மா."

"எந்தெந்த நேரத்துல கண்ணத் தொறக்கணும்னு நீங்க சொன்னா, நான் எழுதி வச்சுக்குவேன். மத்த நேரம் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு. சனிக்கிழமை பதினோரு மணி ஷோவுக்குப் போறோம்."

இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாகிவிட்டது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிடம் நிமிடமாகச் சொன்னேன். பனி, தொங்கும் நகரம், சிவப்புப் பாலைவனம். அவர் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார். ஒரு மணி முப்பத்து நாலுக்கு வந்தோம்.

"அதுக்கப்புறம் சார்?"

தெரியாது என்று சொல்ல ஒரு வினாடி போதும். அந்த வினாடி எனக்கு இருந்தது.

"அதுக்கப்புறம் சண்டைதாம்மா. அவரு ஓய்வெடுக்கலாம்."

"ரொம்ப நன்றி சார். நீங்க பாத்ததுனால எங்களுக்கு லேசாப் போச்சு."

வெள்ளிக்கிழமை காலை எங்கள் முகநூல் பக்கம் பற்றிக்கொண்டது. கதை பழசு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. காஜாங் ஆசிரியை ஒருவர், "பழைய கதையைத்தான் என் மகன் இரண்டாம் முறை பார்க்கப் போகிறான், ஐயாவுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டிருந்தார். கம்போங் மேடானிலிருந்து ஒருவர், "அண்ணன் தம்பி பிரிஞ்சு சேர்ற கதைய எங்க வீட்டுல யாராச்சும் நடத்திக் காட்டுனா நான் அஞ்சு ஸ்டார் தருவேன்" என்று எழுதியிருந்தார். ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்டது ஒரே கேள்வி. கடைசியில் அந்தக் கடல் எழுந்து நிற்கிறதே, அதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை? ஒருவர் குரல் பதிவே அனுப்பியிருந்தார். "Boss, நீங்க படத்துக்குப் போனீங்களா, இல்ல பாப்கார்ன் வாங்கப் போனீங்களா லா?"

பக்கம் வடிவமைக்கும் வசந்த் முதல் நாளே படம் பார்த்திருந்தான். "என்னப்பா கடல்?" என்று மெதுவாகக் கேட்டேன். அவன் சுட்டியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காட்டத் தொடங்கினான். "வளையம் இழுக்குது அண்ணே. கடல் அப்படியே செவுரு மாதிரி எந்திரிச்சு நிக்குது. சத்தமே இல்ல. தியேட்டர்ல ஒருத்தனும் மூச்சு விடல." அவன் கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்கதான் பாத்திருப்பீங்களே."

எனக்கு வாசகர்கள் திட்டியது உறைக்கவில்லை. அதெல்லாம் பழகியது. ஒரு மணி முப்பத்து நாலு, ஓய்வு என்று அந்த அம்மா எழுதிக்கொண்டது காதில் கேட்டது.

மூன்று மணிக்கு மேடம் கூப்பிட்டார். டின் ஏற்கெனவே திறந்திருந்தது. ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"தூங்கிட்டேன் மேடம்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம்."

"சரி. நாளைக்குத் திருத்தம் போடணும். இப்பவே எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "உடல்நலக் குறைவு காரணமாக விமர்சகர் இறுதிப் பகுதியைக் காண இயலவில்லை." மேடம் உடல்நலக் குறைவை அடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். தூக்கம் என்று எழுதினேன். அவர் படித்து முடித்து, "இதனால யாருக்காவது பாதகம் உண்டா?" என்று கேட்டார். நீதிமன்றத்தில் பழகிய கேள்வியாக இருக்கும். நான் மல்லிகாவைப் பற்றிச் சொன்னேன்.

மேடம் டின்னை மூடினார். அப்படி மூடி அன்றுதான் பார்த்தேன்.

"நம்பர் இருக்கா?"

"வாங்கல."

"எந்தத் தியேட்டர்?"

"கிள்ளான்னு மட்டும் தெரியும். பேரங்காடி தியேட்டராத்தான் இருக்கும். பதினோரு மணி ஷோ."

"நாளைக்கு உங்களுக்கு லீவுதானே?"

"ஆமா மேடம்."

"போயிட்டு வாங்க. திருத்தத்தை அவங்க படிப்பாங்கன்னு நம்பி இருக்க முடியாது."

சனிக்கிழமை பத்தரைக்கே தியேட்டர் வாசலில் நின்றேன். பாதிக் கிள்ளான் அங்கே இருந்தது. கண் தெரியாதவர் எப்படி இருப்பார் என்று எனக்கு ஒரு கற்பனை இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஓடிப்போய், "அண்ணே, கண்ணு ரொம்ப மோசமா?" என்றேன். "ஏன் அங்கிள், நல்லா இல்லையா? புதுசா வாங்குனது" என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார் அவர். கூட வந்தவர் மனைவியும் இல்லையாம்.

அதற்குள் கூட்டம் உள்ளே போய்விட்டது. படம் இரண்டு அரங்குகளில் ஒரே நேரம் ஓடியது. நான் முதலாவதில் நுழைந்தேன். நுழைந்த பிறகுதான் பார்த்தேன், உள்ளே அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அது முப்பரிமாண அரங்கு. படிக்கட்டில் ஏறி இறங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் வலிக்காரரை யாராவது அந்தக் கண்ணாடி போடுகிற அரங்குக்குக் கூட்டிவருவார்களா என்று தோன்ற எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

அடுத்த அரங்குக்குள் போனபோது படம் தொடங்கி ஒரு மணி இருபத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. குனிந்தபடி வரிசை வரிசையாகப் போனேன். "Uncle, duduk lah" என்று யாரோ மலாயில் உட்காரச் சொல்லி அதட்டினார்கள். நடு வரிசையின் ஓரத்தில் ஒருவர் முகத்தின் மேல் 'குட்மார்னிங்' என்று அச்சடித்த வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் அம்மா போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்து ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இருக்கைப் பக்கம் மண்டியிட்டேன். "மல்லிகா அக்காவா? நான் பேப்பர்லேர்ந்து. போன்ல பேசுனது."

அவர் பயந்துபோனார். "என்ன சார் இங்க?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன்க்கா. இனிமே வரதுதான் முக்கியம். அவரு பாக்கணும்."

"சண்டைன்னு சொன்னீங்களே?"

"அந்த இடத்துல நான் தூங்கிட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இருட்டிலும் உணர முடிந்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நல்லாத் தூங்குனீங்களா சார்?"

"தூங்குனேங்க."

"அப்ப சீட்டு நல்ல சீட்டுதான்." அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் திரையில் எல்லாச் சத்தமும் நின்றது. தொடுவானத்தில் கடல் ஒரு கோடாகத் தடித்தது. பிறகு மெல்ல மெல்ல எழுந்தது. அலையாக வரவில்லை, படுத்திருந்த ஒருவர் எழுந்திருக்கிற மாதிரி எழுந்து நேராக நின்றது. அந்த நீர்ச்சுவருக்குள் மீன் கூட்டங்கள் விளக்குகளாக நகர்ந்தன. ஒரு பக்கம் அண்ணனின் படகு, மறுபக்கம் தம்பியின் படகு. இரண்டும் அந்தச் செங்குத்து நீரில் ஏறின. நடுவில் தண்ணீர் இருக்க, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சேரப் போகிறார்கள் என்று பத்தாவது நிமிடத்திலேயே எழுதி அடிக்கோடு போட்டவன் நான். நிமிடம் பார்க்கக்கூட மறந்துபோனேன்.

தங்கராஜுவை, அதுதான் அவர் பெயர், திரும்பிப் பார்த்தேன். அவருக்குத் திரை மொத்தமாகத் தெரியவில்லை. தலையை இடமிருந்து வலம், கீழிருந்து மேல் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அந்தக் கடலைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"மல்லிகா, படகு எங்க போச்சு?"

"மேல போவுது. இன்னும் மேல."

அவர் தலையைத் தூக்கினார். கண்ணிலிருந்து நீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. பத்து நிமிடம் தாண்டியது. மல்லிகா துண்டை நீட்டினார். அவர் வாங்கிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாரே தவிர, கண்ணை மூடவில்லை. கடைசிவரைக்கும் பார்த்தார்.

வெளியே வந்ததும் மல்லிகா அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துச் சொட்டு மருந்து விட்டார். வலி இருந்தது, முகத்தில் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். தங்கராஜு போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவராம்.

"எத்தனையோ வருஷம் மேலேர்ந்து கடலப் பாத்திருக்கேன் சார். அது எந்திரிச்சு என்னையப் பாத்தது இன்னிக்குத்தான்."

"கதை எப்படி இருந்திச்சு?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"தெரிஞ்ச கதைதான். அதுனாலதான் சார் பாக்க முடிஞ்சிச்சு. சப்டைட்டில் படிக்க வேணாம், யாரு எவருன்னு இவளக் கேக்க வேணாம். இருக்கிற கண்ணு பூராத்தையும் படத்துக்கே குடுத்தேன்."

மல்லிகா மட்டும் என்னை மன்னித்த மாதிரி தெரியவில்லை. "நாங்க கோப்பி குடிக்கப் போறோம். நீங்களும் வாங்க, தூக்கம் கலையும்" என்றார். போனேன்.

திங்கட்கிழமை மேடத்திடம் போய், படத்துக்கு இன்னும் இரண்டு நட்சத்திரம் சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். "படத்துக்கு அப்புறம் பாக்கலாம். உங்களுக்கு எத்தனைன்னு சொல்லுங்க" என்றார். திருத்தம் ஏற்கெனவே சனிக்கிழமை வந்துவிட்டிருந்தது. என் பெயரில் வெளியானவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அந்த மூன்று வரிதான்.

பணி ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மல்லிகா அழைத்தார். இந்த முறை நம்பர் இருந்தது. தங்கராஜுவுக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். "படம் கேக்கணுங்கிறாரு சார். நான் சொன்னா பாதியிலேயே சமையலுக்குப் போயிடுறேன்னு கோச்சுக்கிறாரு." வீடு என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான். போனேன். போய் உட்கார்ந்து, நாலு பத்திக்காரன் அல்லவா, கதையிலிருந்து ஆரம்பித்தேன்.

"கதைய விடுங்க சார், அத நானே கண்டுபிடிச்சுக்குவேன். படத்தச் சொல்லுங்க."

"பிரமாண்டமா எடுத்திருக்காங்க."

"பிரமாண்டம்னா எவ்வளவு? பத்துமலை முருகன் செல அளவா?"

யோசித்தேன். "அந்தக் கப்பல் ரெண்டு செல அளவு இருக்கும்."

"நிக்க வச்சா, படுக்க வச்சா?"

இரண்டு நிமிடத்தில் என்னிடம் இருந்த சொற்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அருமை, அழகு, கண்ணுக்கு விருந்து. கண் தெரியாதவரிடம் அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் எப்படிச் சம்பளம் வாங்கினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். நோட்டும் உண்டு, காலையில் ஒரே பொட்டலம்தான். போன வாரம் இன்னொரு விண்வெளிப் படம். அப்பாவைத் தேடி மகள் போகிறாள், கண்டுபிடிக்கிறாள், அது அரை நிமிடத்தில் முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் கேள்விதான்.

"வானம் என்ன கலரு?"

"நீலம்."

"எந்த நீலம்? காலைல கடல்ல இருக்கிற நீலமா, கன்டெய்னர் நீலமா?"

நோட்டைப் புரட்டினேன், 'நீலம்' என்று மட்டும்தான் இருந்தது. அவர் காத்திருந்தார். மல்லிகா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலை தியேட்டருக்குப் போனேன். டிக்கெட் கொடுக்கிற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணினித் திரையில் படத்தின் பெயரைக் காட்டினாள். "அங்கிள், இந்தப் படம் முந்தாநேத்துதானே பாத்தீங்க?"

"பாத்தேம்மா. வானத்தச் சரியாப் பாக்கல."